மிக்ஸியை எப்போது இறக்கி வைப்பது? கூழிலிருந்து பிசைந்த சோற்றுக்கு மாறும்போது நடக்கும் தவறுகள்

மதுரையில் செல்லூரிலோ வில்லாபுரத்திலோ மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டில் மிக்ஸியின் சின்ன ஜார் ஓடிக்கொண்டிருக்கும். சட்னிக்கு அல்ல, பிள்ளைச் சோற்றுக்கு. ஆறு விசில் விட்டுக் குழைந்த பருப்புச் சோறு, வெந்த கேரட், மேலே ஒரு கரண்டி வெந்நீர். ஆறு மாதப் பிள்ளைக்கு என்றால் சரி. பதினோரு மாதப் பிள்ளைக்கும் அதே ஜார் ஓடுவதுதான் சிக்கல்.

கை கழுவுவது, பாத்திரத்தைக் கொதிநீரில் அலசுவது, சூடு பார்த்து ஊட்டுவது எல்லாம் அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். எல்லாம் தெரிந்தவர்களே தலைமுறை தலைமுறையாகச் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன.

பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பது

"இன்னும் பல்லே வரலையே, எப்படித்தா மெல்லும்?" இந்த ஒரு கேள்விதான் பாதிப் பிள்ளைகளை மிக்ஸியிலேயே நிறுத்தி வைக்கிறது. முதலில் முளைப்பவை முன்பற்கள். அவை கடிக்கத்தான் உதவும், மெல்ல உதவாது. மெல்லுகிற கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் ஒரு வயது தாண்டித்தான் தலைகாட்டும். பல்லுக்காகக் காத்திருந்தால் ஒன்றரை வயது வரை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குழைந்த சோற்றை நசுக்க ஈறே போதும். சந்தேகம் இருந்தால் கழுவிய விரலைப் பிள்ளை வாயில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு அழுத்தம் என்று தெரியும்.

கற்றுக்கொள்ள வேண்டியது நாக்கு. பால் குடிக்கும் நாக்குக்கு முன்னும் பின்னும் போய் வரத்தான் தெரியும். கட்டியை ஈறுப் பக்கம் தள்ளுவதற்கு அது பக்கவாட்டில் அசையப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் ஏழு, எட்டு, ஒன்பது மாதங்களில் வருவது. தள்ளுவதற்கு ஏதாவது வாயில் இருந்தால்தான் வரும். அரைத்த கூழ் நாக்குக்கு எந்த வேலையும் வைக்காமல் வழுக்கி இறங்கிவிடும்.

இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைத் தொடங்கிய பிள்ளைகளுக்கு 15 மாதத்தில் சாப்பாட்டுத் தகராறு அதிகம் இருந்தது. ஒன்பது மாதம் தாண்டித் தொடங்கியவர்கள் ஏழு வயதிலும் காய்கறி, பழம் குறைவாகவே சாப்பிட்டார்கள். "எம் புள்ள காயே தொட மாட்டேங்குறான்" என்று மூன்று வயதில் வரும் புலம்பலுக்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் எரிச்சல் தருகிற இடம் ஒன்று உண்டு. பத்தாம் மாதத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் திடீரென்று முழுச் சோற்றை ஊட்டுவார்கள். அதுவரை கூழைத் தவிர எதையும் அறியாத பிள்ளை ஓங்கரிக்கும். "பாத்தியா, இதுக்கு ஒத்துக்கல" என்று அன்று மாலையே ஜார் மறுபடி ஏறும். ஒத்துக்கொள்ளாதது சோறு இல்லை, நடுவில் ஒரு படியும் வைக்காமல் மாடிக்கு ஏற்றியதுதான். இன்னும் சிலர் மிக்ஸியையே இரண்டு சுற்றில் நிறுத்தி "கொறகொறன்னு அரைச்சிருக்கேன்" என்பார்கள். ஜார் ஒரே சீராகப் பாதி அரைக்காது. அடியில் பசை, மேலே அரைபடாத கேரட் துண்டு. பசை என்று நம்பி விழுங்கும் பிள்ளைக்கு அந்தத் துண்டு எதிர்பாராமல் தொண்டைக்குப் போகும்.

வீட்டில் பருப்பு கடைய ஒரு மத்து இருக்கும். வேண்டியது அதுதான்.

ஆறு மாதம் முடிந்து முதல் இரண்டு வாரம் வழவழவென்று கொடுக்கலாம். ஆனால் நீர்க்கக் கூடாது, கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகாத பதம் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து மத்து. அரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 200 மில்லி. குக்கருக்குள் கிண்ணம் வைத்து ஆறு விசில், ஆவி தானாக அடங்கட்டும். சூட்டோடு கடைந்தால்தான் மசியும். ஆறினால் இறுகும், அப்போது ஒரு ஸ்பூன் வெந்நீரும் கால் ஸ்பூன் நெய்யும் விட்டு இளக்கலாம். ஏழு மாதம் முடிந்து சில நாளில் மத்தை விட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். குருணை அளவுக்குக் கட்டி தட்டுப்படும், தட்டுப்படட்டும். எட்டு மாதம் முடிந்ததும் கையால் பிசைந்து, பாசிப்பயறு அளவு மெத்துக்கட்டி. அந்தச் சமயத்திலேயே, பிள்ளை தானே எடுத்துக் கடிக்க, நன்றாக வெந்த காயை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் காரம் போடாத வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் முதல் இரண்டு மூன்று வாய் மட்டும் புதுப் பதம், மீதி பழையபடி. மூன்று நாலு நாளில் பாதி, பிறகு முழுக்க. புதுப் பதமும் புதுக் காயும் ஒரே நாளில் வேண்டாம், பிள்ளை எதை வெறுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்குக் கரண்டியைவிடக் கை நல்லது. அமுங்காத கட்டி இருந்தால் விரல் முதலில் சொல்லிவிடும்.

ரசத்தில் சோற்றை மிதக்க விடுவது

சளிக்கு நல்லது என்று இளம் ரசத்தில் முழுச் சோற்றைக் கரைத்து ஊட்டுவார்கள். பெரியவர்களுக்கு எளிது. பிள்ளைக்கு இதைவிடக் கடினமான பதம் இல்லை. தண்ணீர் உடனே தொண்டைக்கு ஓடும், பருக்கை வாயில் நிற்க வேண்டும். இரண்டையும் பிரித்தாளப் பழகாத நாக்கு மொத்தத்தையும் பின்னால் அனுப்பிவிடும். சேமியாப் பாயசம், பாலில் ஊறிய அவல், நீர்மோரில் கரைத்த சோறு எல்லாம் இதே வகைதான். ரசம் ஊற்றலாம், அதைச் சோறு முழுக்கக் குடித்துக் கெட்டியாகும் வரை பிசைந்து ஊட்டுங்கள். கட்டி கெட்டியான சோற்றுக்குள் பதிந்திருக்க வேண்டும், நீரில் நீந்தக் கூடாது.

ஓங்கரிப்பையும் அடைப்பையும் ஒன்றென்று நினைப்பது

ஓங்கரிப்பில் சத்தம் இருக்கும். முகம் சிவக்கும், நாக்கு வெளியே தள்ளும், கண்ணில் நீர் கோக்கும், கட்டி முன்னால் வரும். சின்னப் பிள்ளைக்கு அந்த அனிச்சை நாக்கின் நடுப்பகுதியிலேயே தூண்டப்படும், வளர வளரப் பின்னால் நகரும். ஆகவே புதுப் பதத்தில் ஓங்கரிப்பது சகஜம். அப்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், அலறாதீர்கள். சில நொடி பொறுத்தால் அதுவே துப்பும்.

அடைப்பு சத்தமில்லாதது. அழுகை வராது, இருமல் வராது, உதடு நீலமாகும். உச்சந்தலையில் ஊதுவதும் தட்டுவதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் இங்கே உதவாது. பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. போகவில்லையா, மல்லாத்தி நெஞ்செலும்பின் நடுவே ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் 108ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போகும். பிள்ளை துவண்டுவிட்டால் மார்பு அழுத்தமும் செயற்கை மூச்சும் தொடங்க வேண்டும். ஊட்டுகிற ஒவ்வொருவரும் இதை ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

காலில் படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றுவது

கையைக் காலைப் பிடித்துக்கொண்டு, அழுகிற வாயில் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. அழும்போது மூச்சு உள்ளே இழுபடும், கஞ்சியும் கூடப் போகும். பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும். மடியில் என்றால் அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும். கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள், வாயைத் திறந்து அதுவே மூடட்டும். மேலண்ணத்தில் வழித்துவிடாதீர்கள்.

புட்டியில் சத்துமாவுக் கஞ்சி

நிப்பிளை வெட்டிப் பெரிதாக்கியா? வேண்டவே வேண்டாம்.

"மெத்துன்னுதான இருக்கு" என்று நம்புவது

வெந்த காயோ பழமோ எதுவானாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக அழுத்தினால் மசிய வேண்டும். இதில் தேறாதது பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது. தேறினாலும் ஏமாற்றுபவை உண்டு. நுங்கு அமுங்கும், ஆனால் வழுக்கும். தோலுரித்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும். காய்ந்த இட்லி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், பருப்புத் தண்ணீரில் நனைத்துப் பிட்டுக் கொடுங்கள். கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலும் விதையும் நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்காமல் தராதீர்கள். அயிரை மீன் குழம்பு நமக்கு அமிர்தம், அதன் முள் பிள்ளைத் தொண்டைக்கு ஆகாது. கறி வேண்டுமென்றால் கொத்துக்கறியை நன்றாக வேகவைத்து மசித்து, அல்லது வெந்த ஈரலை மசித்துச் சிறிதளவு சோற்றோடு. வெறும் எலும்பு சூப்பில் இரும்புச்சத்து அவ்வளவாக இல்லை.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தோளில் இருக்கும் பிள்ளைக்குப் பொரிகடலை நீட்டுகிற அன்பான கைகள் நிறைய. வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொரிகடலை, நிலக்கடலை, சுண்டல், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் எதுவும் இந்த வயதுக்கு அல்ல. முழு நிலக்கடலை ஐந்து வயது வரை வேண்டாம்.

போனைக் காட்டி ஊட்டுவது

வாயில் இருப்பதைப் பிள்ளை மறந்துவிடும். காக்காய் காட்டித் தெருவில் ஓடவிட்டு ஊட்டுவதும் இதே கணக்குதான்.

தேன்

ஒரு வயது வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

தானே சரியாகிவிடும் என்று விடுவது

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மேலே சொன்ன மாதங்கள் பொருந்தாது. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டு, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள், பத்து மாதம் ஆகியும் எந்தக் கட்டியையும் விழுங்காவிட்டால், ஒவ்வொரு வேளையும் வாந்தி எடுத்தால், சாப்பிடும்போது இருமலோடு குரல் கரகரத்தால், எடை நின்றுபோனால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பிள்ளை அன்று சாப்பிட்ட சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துப் போங்கள். "கொழகொழன்னு இருக்கும் டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்ப்பது மேல்.