இரவின் புறஊதா ஒளியிலிருந்து அயனி அடர்த்தியைக் கணக்கிடுவது எப்படி?

பூமியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அயனிகள் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) அடர்ந்திருக்கின்றன. இரவில் அவை எலக்ட்ரான்களோடு மீண்டும் சேரும்போது, 135.6 நானோமீட்டர் அலைநீளத்தில் மங்கலாக ஒளிரும். இந்த ஒளி தரைக்கு எட்டாது. வழியிலேயே ஆக்சிஜன் மூலக்கூறுகள் உறிஞ்சிவிடும். அதனால்தான் விண்வெளியிலிருந்து அளக்கிறோம். அங்கிருந்து பார்க்கும்போது நகர விளக்குகளும் குறுக்கே வராது என்பது பெரிய வசதி.

படி 1: இரவுத் தரவை எடுங்கள்

2018 ஜனவரியில் ஏவப்பட்ட நாசாவின் கோல்ட் (GOLD) என்ற புறஊதாப் படக்கருவியின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, பைத்தான் நிரல்மொழியில் திறக்கலாம். பகல் தரவு இந்த முறைக்கு உதவாது. பகலில் நடுநிலை ஆக்சிஜன் அணுக்களும் இதே அலைநீளத்தில் ஒளிரும்.

படி 2: பின்னணியைக் கழியுங்கள்

பின்னணி என்பது அயனிகளிலிருந்து வராத கூடுதல் சமிக்ஞை. அதைக் கழித்தபின் மங்கலான இடங்களில் சில பிக்சல்கள் எதிர்ம எண்ணாக மாறும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். எறிந்தால் மிச்சமுள்ள சராசரி உண்மையைவிட உயர்ந்துவிடும். முதலில் அண்டைப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுங்கள். வர்க்கமூலம் அதற்குப் பிறகுதான்.

படி 3: வர்க்கமூலம் எடுங்கள்

முறையின் உயிர்நாடி இதுதான். ஒளிர்வு, அயனி அடர்த்தியையும் எலக்ட்ரான் அடர்த்தியையும் பெருக்கியதைப் பொறுத்தது. இந்த உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே ஒளிர்வு நான்கு மடங்கானால் அடர்த்தி இரு மடங்கு. 200 கிலோமீட்டர் தடிமனுள்ள அயனி அடுக்கில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் அயனிகள் இருந்தால், சுமார் 15 ரேலே (மங்கலான வான ஒளியை அளக்கும் அலகு) ஒளிர்வு வரும்; 60 ரேலே என்றால் 20 லட்சம். தடிமன் நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம் என்பதால், விடையில் பிழை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நுழையும். பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்கும் கருவியாக இருந்தால், உயரவாரியான அடர்த்தியே கிடைத்துவிடும்.

படி 4: சரிபாருங்கள்

வரைபடத்தில் பூமியின் காந்த நடுக்கோட்டின் இருபுறமும், ஏறக்குறைய 15 பாகையில், இரண்டு ஒளிப்பட்டைகள் தெரிய வேண்டும். 1972இல் அப்பல்லோ 16 பயணத்தில் அறிவியலாளர் ஜார்ஜ் கருதர்ஸ் வடிவமைத்த கேமரா, நிலவிலிருந்தே இவற்றைப் படம்பிடித்தது! அடுத்து, தரையிலிருந்து ரேடியோ அலைகளை மேலே அனுப்பி எதிரொலியை அளக்கும் அயனோசோண்டு கருவியின் அளவோடு ஒப்பிடுங்கள். அதில் எதிரொலித்துத் திரும்பும் அலைகளின் உச்ச அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால், கன சென்டிமீட்டருக்கு 12.4 லட்சம் எலக்ட்ரான்கள்.

பகல்நேர அயனிகளுக்கு 83.4, 61.7 நானோமீட்டர் ஒளிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019இல் ஏவப்பட்ட ஐகான் செயற்கைக்கோள் அப்படித்தான் அளந்தது. இரவுக் கணக்கு கைவந்தபின் அதற்குப் போகலாம்.