பைதான் வகுப்பில் உதவி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் வார இறுதிகளில் பைதான் என்ற நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பொறியியல் முதலாண்டு. பலருக்கு முதலாண்டிலேயே பைதான் இருப்பதால், லேப் தொடங்கிச் சில வாரங்களில் பதறிக்கொண்டு வந்து சேர்வார்கள். மற்றவர்கள் கலைக்கல்லூரி, வேலை தேடுபவர்கள். ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறார்கள். ஒவ்வொரு பேட்சிலும் அதே தவறுகள்தான். நான் படித்த காலத்தில் செய்தவையும் இவைதான் என்பதால், திரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

கோலன் போட மறப்பது, அடைப்புக்குறியை மூடாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பைதானே சொல்லிவிடும். 3.10 பதிப்பிலிருந்து எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று சுட்டிக்காட்டுகிற அளவுக்கு நாகரிகமாகவே சொல்கிறது. உதவி கேட்கும்போதும் பாடத்தைத் தொடரும்போதும் செய்கிற தவறுகளுக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் வராது.

“அக்கா, வரமாட்டேங்குது”

இதை மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. கூடவே ஒரு போட்டோ வரும்: சாய்வாக எடுத்தது, டியூப்லைட் வெளிச்சம் நடுவில், எரர் வந்த கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டு. பைதானின் எரர் செய்தியை முதலில் கடைசி வரியிலிருந்துதான் படிக்க வேண்டும். என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே வரி எண் இருக்கும். போட்டோவில் இல்லாமல் போவது சரியாக இந்த இரண்டும்தான்.

நிரலையும் எரரையும் எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, அதற்குள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்று வரியை எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது. அனுப்பிய மெசேஜை அழித்துவிடுவார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஓடுகிற நிரலை வாங்கிக்கொண்டு போவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இது ஒன்றுதான்.

1 முதல் 10 வரை கூட்டும் நிரல். விடை 55 வர வேண்டும். ஓமலூர்ப் பையன் ஒருவனுக்கு 10 என்றே வந்துகொண்டிருந்தது. ‘மொத்தம் = 0’ என்ற வரியை ஃபார் லூப்புக்குள்ளே, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்ளே, எழுதியிருந்தான். (பைதான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக, அதாவது மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்களாக, ஏற்றுக்கொள்ளும், பயமில்லாமல் எழுதிப் பாருங்கள்.) ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் பூஜ்ஜியமாகி, கடைசி எண் மட்டும் மிஞ்சியது. எரர் எதுவும் வரவில்லை. பைதானைப் பொறுத்தவரை அது சரியான நிரல்.

பக்கத்து சீட் நண்பன் “இந்தாடா” என்று தன் நிரலை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் லூப்பே கிடையாது; எண்களைக் கூட்டித் தர பைதானில் தயாராக இருக்கும் சம் ஃபங்ஷனை வைத்து ஒரே வரியில் முடித்திருந்தான். 55 வந்தது. இவன் அதை ரெகார்ட் நோட்டில் எழுதினான், காலேஜில் கையெழுத்தும் வாங்கிவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் ஐந்து பாட மதிப்பெண்களின் சராசரி. கடைசிப் பாடத்தில் 80 மதிப்பெண்; சராசரி 16 என்று வந்தது. அதே வரி, அதே இடத்தில். இந்த முறை சாட்ஜிபிடியிடம் கேட்டான். அது முழு நிரலையும் திருத்திக் கொடுத்தது, விளக்கமும் எழுதியிருந்தது. விளக்கத்தை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் லூப்புக்குள் லூப் வந்தது. மூன்று மாணவர்கள், ஆளுக்கு ஐந்து பாடம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொத்தம். இதற்குள் ‘மொத்தம் = 0 வெளியேதான் இருக்கணும்’ என்று யாரோ சொன்னதை மனப்பாடம் செய்திருந்தான். அதை இரண்டு லூப்புக்கும் மேலே கொண்டுபோய் வைத்தான். முதல் மாணவருக்குச் சரியாக வந்தது. இரண்டாமவருக்கு முதலாமவரின் மதிப்பெண்ணும் சேர்ந்தது, மூன்றாமவருக்கு மூன்று பேருடையதும். அந்த வரி இருக்க வேண்டிய இடம் வெளி லூப்புக்கு உள்ளே, உள் லூப்புக்கு முன்னால். ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் தொடங்கக் கூடாது. முதல் நிரலில் 10 ஏன் வந்தது என்று தெரிந்திருந்தால் இதை யாரும் சொல்லித் தரவேண்டியதே இல்லை. தெரியாததால் மூன்று நிரல்கள், பல ராத்திரிகள் போயின. பைதான் தனக்கு வராது என்ற முடிவோடுதான் என்னிடம் வந்து நின்றான்.

கம்ப்யூட்டரை மூடச் சொல்லிவிட்டு, நோட்டில் இரண்டு நெடுவரிசை போடச் சொன்னேன். ஒன்றில் அந்தச் சுற்றின் எண், இன்னொன்றில் மொத்தம். முதல் சுற்று: 1, 1. இரண்டாவது: 2, 2. மூன்றாவது: 3, 3. நாலாவதை எழுதப்போனவன் நிறுத்திவிட்டு, “ரெண்டும் ஒண்ணாவே வருதுங்க்கா” என்றான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரியை எங்கே நகர்த்த வேண்டும் என்று அவனேதான் சொன்னான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உதவி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரத்தில் மவுஸைப் பிடுங்கித் திருத்திக் கொடுக்கிற சீனியர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அதனால் கெடுதல் குறைந்துவிடுவதில்லை. கீபோர்டு கற்பவரிடமே இருக்கட்டும். கற்பவர்களே, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். “எந்த வரியைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணா” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏஐ-யிடமும் அப்படியே: ‘விடை எழுதாதே, நான் எதைக் கவனிக்கவில்லை என்று ஒரு கேள்வியாகக் கேள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்பில் 2023 முதல் வாத்து உருவத்தில் ஒரு ஏஐ உதவியாளர் இருக்கிறது. மாணவரை விடையை நோக்கி நகர்த்த வேண்டும், விடையைக் கையில் கொடுக்கக் கூடாது என்றே அதை அமைத்திருக்கிறார்கள்.

நண்பனின் நிரலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, மூடிவைத்துவிட்டு உங்கள் பழைய நிரலைத் திறந்து அது ஏன் தப்பு என்று கண்டுபிடியுங்கள். பலர் அதை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். லேப் தேர்வில் வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் “இந்த வரியை உள்ளே தள்ளினா என்ன ஆகும்?” என்று கேட்டால், அந்தத் தப்பு நிரல்தான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்று கோர்ஸில் ஒரே நேரத்தில் சேர்வது

வேண்டாம்.

விட்டுப்போன வகுப்புக்காக இன்றைய வகுப்பையும் விடுவது

காய்ச்சல், ஊர்த் திருவிழா, மலையில் மழை என்று ஒரு வகுப்பு போய்விடும். அது பெரிய விஷயமில்லை. “போன வாரம் புரியாம வந்தா அவமானம்” என்று அடுத்த வாரமும் வராமல் இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. வந்து உட்காருங்கள். விட்டுப்போன பாடத்தில் இருக்கும் ஆகச் சிறிய நிரலை மட்டும் அன்றே எழுதி ஓட்டிவிடுங்கள். அந்தப் பாடம் ஃபங்ஷன் என்றால் இரண்டு எண்ணைக் கூட்டித் திருப்பித் தருகிற ஒன்று போதும். மிச்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷைப் பார்த்து மிரள்வது

தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்கள் சிலர் எரர் வந்தாலே விண்டோவை மூடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் அடிக்கடி வருபவை கைவிரலில் எண்ணுகிற அளவுதான். நேம் எரர் என்றால் அந்தப் பெயரில் ஒன்று இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எரர் என்றால் சேராத இரண்டைச் சேர்க்கிறீர்கள், எண்ணோடு எழுத்தை என்பதுபோல. (இன்புட் வாங்குவது எப்போதும் எழுத்தாகத்தான் வரும். 5-ஐயும் 3-ஐயும் வாங்கிக் கூட்டி 53 வந்து திகைக்காதவர் யார்?) தமிழ்நாடு பாடநூலின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் இருக்கிறது, தமிழிலேயே. கருத்தை அதில் படித்துவிட்டு எரரை இங்கிலீஷில் படித்தால் பாதி பயம் போய்விடும்.

பழைய புத்தகம்

பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாத புத்தகம் என்றால் பைதான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது. எடைக்குப் போடுங்கள்.

விடை கிடைத்ததும் காணாமல் போவது

வகுப்புக் குழுவில் கேள்வி கேட்டு, நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு “ஓகே அக்கா, வந்துடுச்சு” என்று ஒரு மெசேஜ். எது தப்பு, எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பேட்சில் அதே இடத்தில் நிற்கிற பெண் குழுவில் தேடிப் பார்ப்பாள். இப்போதைக்கு அவளுக்குக் கிடைப்பது அந்த “ஓகே அக்கா” மட்டும்தான்.