கொட்டன் துணி எடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

மாமாங்கத் தீர்த்தத்துக்கென்று அக்காவின் மகளுக்கு ஒரு சட்டை தைத்தேன். கடும் நீலத் துணி, வெள்ளைக் காலர். கடையில் தொட்டுப் பார்த்தபோது மொடமொடவென்று இருந்தது, விலையும் குறைவு, வேறெதையும் யோசிக்காமல் வெட்டச் சொல்லிவிட்டேன். கோயிலுக்குப் போட்டு வந்து ஒரே ஒருமுறை தோய்த்ததும் காலர் முழுக்க நீலம் இறங்கி, நீளம் இரண்டு அங்குலம் ஏறி, துணியும் சல்லடை மாதிரித் தொய்ந்துவிட்டது. பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் விளங்கியது, கடைத் தட்டில் இருக்கும் துணி வேறு, தண்ணீர் கண்ட துணி வேறு. நாம் தைத்துப் போடப்போவது இரண்டாவது துணியை. ஆனால் காசு கொடுப்பதோ முதலாவதைப் பார்த்து.

அந்த மொடமொடப்பு கஞ்சி. நெருக்கம் குறைந்த நெசவுக்குக் கஞ்சியேற்றி அழுத்திவிட்டால் கெட்டியான துணி போலத் தெரியும். துணியின் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். விரலில் வெள்ளையாய் மா ஒட்டினாலோ, கசக்கிய இடம் மட்டும் தொய்ந்துபோனாலோ அந்தத் துணியின் பாரம் முதல் தோய்ப்போடு போய்விடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நூல்கள் ஒரே சீராக நெருங்கி நிற்க வேண்டும், சில இடத்தில் நெருக்கம் சில இடத்தில் கண் விட்டது போல் இருந்தால் தையல் ஓரத்தில் நூல் பிரியும், முக்கியமாகக் கைக்குழியிலும் இடுப்பிலும்.

அடுத்தது பெயரை நம்புவது. காத்தான்குடியிலும் சரி கல்முனையிலும் சரி, "கொட்டன்தானே?" என்று கேட்டால் "ஓம் கொட்டன்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, இப்போது மெல்லிசாகவும் மிருதுவாகவும் இருக்கும் எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர் பழகிவிட்டது. அதற்குள் மரக்கூழிலிருந்து செய்யும் ரேயோனும் இருக்கும், பொலியஸ்டர் கலந்ததும் இருக்கும். கலப்புத் துணி கெட்டது என்று நான் சொல்லவில்லை. 65 பங்கு பொலியஸ்டர், 35 பங்கு பருத்தி என்ற கலப்பு மிகவும் வழக்கமானது, கசங்காது, சீக்கிரம் காயும், பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டுக்கு வசதி. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாள் முழுக்க உடம்பில் கிடக்கும் உடுப்புக்கு அதை எடுத்தால் வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நெருப்புச் சோதனை எல்லோருக்கும் தெரியும். பருத்தி நூல் கடதாசி போல எரிந்து, மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியஸ்டர் நெருப்பைக் கண்டு சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாகக் கட்டிப்படும். இதில் இரண்டு இடத்தில் பிழை விடுகிறோம். ஒன்று, ஒரு நூலை மட்டும் எரிப்பது. பாவு பருத்தியாகவும் ஊடை பொலியஸ்டராகவும் நெய்த துணி இருக்கிறது, அதனால் நீளவாட்டில் ஒரு நூல், குறுக்குவாட்டில் ஒரு நூல் என்று இரண்டையும் உருவிப் பார்க்க வேண்டும். மற்றது, ரேயோனும் கடதாசி போலத்தான் எரியும், நெருப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குத் தண்ணீர்தான். நூலை நாக்கில் நனைத்து இழுங்கள், ரேயோன் நனைந்ததும் பலம் குறைந்து பொட்டென்று அறும், பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். கடையில் நின்று எரிக்க முடியாதுதான். எட்டுப் பத்து மீற்றர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் பார்த்துவிட்டு மறுநாள் போங்கள், தெரிந்த கடைக்காரர் யாரும் மறுத்ததில்லை.

விலை பார்ப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்களாகவே. மீற்றர் விலையை மட்டும் பார்ப்பார்கள், பன்னை, அதாவது அகலம், எத்தனை என்று கேட்க மாட்டார்கள். துணியின் அகலம் 36 அங்குலமும் வரும், 44, 45உம் வரும், 58, 60உம் வரும். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், 36 அங்குலத் துணி மீற்றர் 500 ரூபா, 58 அங்குலத் துணி மீற்றர் 700 ரூபா. முதலாவது மலிவாகத் தெரியும். ஒரு சட்டைக்கு அதில் 2.5 மீற்றர் வேண்டுமென்றால் 1,250 ரூபா. அதே பரப்பு அகலத் துணியில் ஏறத்தாழ 1.6 மீற்றரில் வந்துவிடும், 1,120 ரூபாதான். எல்லா வெட்டும் இப்படிச் சரியாக அமையாது, அகலத்தில் கையும் முன்பக்கமும் பக்கம் பக்கமாக விழுகிறதா என்பதைப் பொறுத்தது, ஆகவே தைக்கிறவரிடம் இரண்டு அகலத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். எழுதும்போது யாரா மீற்றரா என்பதும் இருக்கட்டும். மூன்று மீற்றர் கேட்கவேண்டிய இடத்தில் மூன்று யார் வாங்கினால் 26 சென்ரிமீற்றர் குறையும், ஒரு கையே போய்விடும். பூக்கள் எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கிற சீத்தையென்றாலோ பெரிய கட்டம் போட்டதென்றாலோ இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், தலைகீழாகத் திருப்பி வெட்ட முடியாதே.

வெட்டித் தரும்போதும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கத்தரிக்கோலால் கோணலாக வெட்டினால் ஒரு கரையில் 2 மீற்றர், மறு கரையில் 1.95 என்று இருக்கும், நேராக்கும்போது குறைந்த பக்கத்துக்குத்தான் எல்லாம் வரும். கிழித்துத் தரச் சொல்வது நல்லது. பொப்ளின், கேம்பிரிக் போன்ற சாதாரண நெசவுத் துணிகள் நூல் வழியே நேராகக் கிழியும். கிழித்ததும் பூவரிசை கரையோடு சாய்ந்து போனால் அச்சே கோணலாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதை எப்படி வெட்டினாலும் சட்டை சரிந்தே தெரியும்.

கிலோக் கணக்கில் விற்கும் கட்பீஸ் துணிகள் உண்மையிலேயே மலிவு, நானும் எடுக்கிறேன். ஆனால் முழுத் துண்டையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, சாயம் பிசகிய கோடு இருக்கிறதா என்று பாராமல் எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை உடுப்புக்கும் உள்பாவாடைக்கும் அது போதும். பெரியவர்களின் உடுப்புக்கு இரண்டு துண்டை ஒட்டி வெட்டப் போனால் நூல் வாட்டம் மாறி ஒரு பக்கம் இழுபடும்.

காலத்துக்கு ஒத்த துணியா என்பதும் நாம் கவனிக்காத விடயம். ஆனி, ஆடி வெக்கைக்கு மெல்லிய வொயில் துணி சுகம், ஆனால் உள்ளே தெரியும், லைனிங் போட வேண்டும். அந்த லைனிங்குக்குப் பொலியஸ்டரை வைத்தால் வொயில் எடுத்ததன் பயனே இல்லை. கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் வெயிலைக் காண்பதே அரிது, அப்போது தடித்த ட்ரில் துணியில் தைத்தால் இரண்டு நாளானாலும் காயாமல் ஒரு வாடை வந்துவிடும். இரண்டு காலத்துக்கும் ஒத்துப்போவது நடுத்தர கேம்பிரிக், புதிதாகத் தையல் பழகுகிறவர்களுக்கும் அதுதான் கைக்கு அடங்கும்.

மருதமுனைக் கைத்தறியைச் சாரனுக்கும் சேலைக்கும் மட்டும் என்று ஒதுக்காதீர்கள், அதில் சட்டையும் மேல்சட்டையும் அருமையாக வரும். நெய்கிறவர்களிடம் எந்த நூல், எத்தனையாம் நம்பர் என்று கேளுங்கள், நம்பர் கூடக்கூட நூல் மெலியும். கைத்தறி என்பதாலேயே அது பருத்தி ஆகிவிடாது, மற்ற நூலிலும் நெய்யலாம். இளக்கமான நெசவென்றால் தோய்த்ததும் கூடுதலாகச் சுருங்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி சுருங்குவதுதான் எனக்குப் பாடம் கற்பித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தறியிலும் பிறகு ஆலையிலும் நூலை விறைப்பாக இழுத்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை விட்டுப்போய் நூல் தன் இயல்புக்குத் திரும்பும். சாதாரணப் பருத்தித் துணி 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும், 42 அங்குல மேல்சட்டையில் அது இரண்டு அங்குலம் வரை. சன்ஃபரைஸ் என்று கரையில் அச்சிட்ட துணியென்றால் ஆலையிலேயே சுருக்கியது, 1930இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் க்ளூயெட் காப்புரிமை எடுத்த முறை, அதில் மிச்சச் சுருக்கம் மிகக் குறைவு. மற்றதையெல்லாம் வெட்டுமுன் நனைத்தே ஆகவேண்டும். தைத்த உடுப்பை எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே, அதே சூட்டுத் தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் நிழலில் நேராக விரித்துக் காயப்போட்டு, ஈரம் முழுதும் போகுமுன் அயன் பண்ணுங்கள். லைனிங்கையும் நனையுங்கள், இல்லாவிட்டால் அது மட்டும் உள்ளே சுருங்கி மேல்துணியைச் சுருட்டி இழுக்கும்.

சாயத்துக்கு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று அம்மம்மா காலத்திலிருந்து சொல்கிறோம். இன்றைய சாயங்களுக்கு வீட்டு உப்பு பிடிப்பைத் தராது, நூலில் பிடிக்காமல் நிற்கும் மிச்சச் சாயம் கழுவிக் கழுவித்தான் போக வேண்டும். கடையில் ஒரு வெள்ளை லேஞ்சியை நனைத்து, கடும் சிவப்பு, நீலம், கறுப்புத் துணிகளின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். லேசாக ஒட்டினால் வீட்டில் தண்ணீர் தெளியும்வரை அலசி எடுக்கலாம், லேஞ்சி நன்றாக நிறம் மாறினால் விட்டுவிடுங்கள், வெள்ளையோடு சேர்த்துத் தைக்கவே கூடாது.

அக்காவின் மகளுக்கு அடுத்த வருடம் மறுபடி நீலத்திலேயே எடுத்தேன். தேவைக்கு மேல் 15 சென்ரிமீற்றர் கூட வாங்கி, மூன்று தண்ணீர் மாற்றி அலசி, காயவைத்து, அதன் பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டேன். மடிப்பிலும் இரண்டு அங்குலம் விட்டிருந்தேன், பிள்ளை வளர வளர அவிழ்த்து அவிழ்த்து மூன்று வருடம் போட்டாள்.