மார்கழி குளிர்ல கற்பூரவல்லி வாழத்தார வீட்டுலயே பழுக்க வைக்கிறது எப்படி

திருவையாறு பக்கம் இப்பவும் நெறைய பேர் கற்பூரவல்லி போடுறாங்க, ஆனா 14, 16 மாசம் காத்திருந்து வெட்டுன தார அவசரத்துக்கு கார்பைடு கல்லுல பழுக்க வைக்கிறத பாத்தா மனசே ஆறல, அது 2011 உணவு பாதுகாப்பு விதிமுறைலயே தடை பண்ணது, தயவுசெஞ்சு வேணாங்க.

மொதல்ல காய பாருங்க. விளிம்பு மழுங்கி உருண்டு, தோல்மேல திருநீறு பூசுன மாதிரி சாம்பல் படிஞ்சிருக்கணும், விரல் வெச்சா அது ஒட்டிக்கும். விளிம்பு கூரா இருந்தா இன்னும் முத்தல, பழுத்தாலும் இனிப்பு ஏறாது.

சீப்பு சீப்பா அறுத்து, வெட்டுன எடத்த கீழ் பாத்து வெச்சு பால் வடிய விடுங்க. பெரிய மண்பானைல வைக்கோல் பரப்பி சீப்ப அடுக்கி, நடுவுல கொஞ்சம் எடம் விட்டு ஒரு சின்ன கிண்ணத்துல மணல் போட்டு ரெண்டு ஊதுபத்திய சொருகி கொளுத்துங்க (நெருப்பு வைக்கோல்ல படவே கூடாது), ஈரத்துணி போட்டு மூடி வாய்ல மண்ணு பூசிடுங்க. புகைல இருக்குற எத்திலீன்ங்கற வாயுதான் காய பழுக்க வைக்குது. சித்திரைல ஒரு நாள் போதும், மார்கழில ரெண்டு நாளாவது ஆகும், நடுவுல தெறந்து தெறந்து பாக்காதீங்க.

மஞ்சள் தட்டுனதும் எடுத்து காத்தாட தொங்க விடுங்க. ஃபிரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, தோல் கறுத்துடும். எப்பவாச்சும் பழத்துல கறுப்பு வெத தட்டுப்படும், அது இந்த ரகத்துல உள்ளதுதான், பழம் கெட்டதுன்னு தூக்கி போட்றாதீங்க.