நரி என்ன தின்கிறது? எச்சம் பொறுக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்தால் போதும், கிருஷ்ணகிரி, பாலக்கோடு ஏரிக்கரைகளில் மாணவர்கள் பையும் இடுக்கியுமாக நரி எச்சம், அதாவது நரியின் மலம், பொறுக்க வந்துவிடுவார்கள். அதில் செரிக்காமல் கிடப்பதைப் பார்த்து நரி என்ன தின்றது என்று கணக்கெடுப்பார்கள். மனிதர் போடும் உணவு நரியின் சாப்பாட்டை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தலைப்பு. எங்கள் செட் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, இடம் குறிக்காமல் விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விடுகிறேன்.

எச்சத்தில் இல்லாததை நரி தின்னவில்லை என்று எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். போன வருடம் ஒரு பையன். அவன் எடுத்துக்கொண்டது பிராய்லர் கடைக் கழிவை இரவில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் கரை. கருக்கலில் நரி அங்கேதான் நிற்கும், ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலே சொல்வார். பையன் எச்சத்தைச் சல்லடையில் அலசி, காயவைத்து, ஒழுங்காகத்தான் பிரித்தான். எலி முடி, எலிப் பல், வண்டு ஓடு, இலந்தைக் கொட்டை. "சார், மனித உணவு ரொம்பக் கம்மி சார்" என்றான்.

எலிக்கு முடியும் பல்லும் இருக்கிறது, வயிற்றைத் தாண்டி வந்துவிடும். கோழிக் குடலுக்கு என்ன இருக்கிறது? குடல், கொழுப்பு, ஈரல், கல்யாண மண்டபத்துச் சோறு, மீந்த களி, எதுவும் தடயமே இல்லாமல் செரித்துவிடும். அதனால் அட்டவணையில் எலி எப்போதும் மேலே நிற்கும், குப்பை கீழே கிடக்கும். அதை அப்படியே அச்சேற்றிவிட்டால், கழிவு கொட்டுவதால் நரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பேசுகிறவர் கையில் நாமே காகிதம் கொடுத்த மாதிரி.

இறகுத் துணுக்கு, கவர் கிழிசல், நூல், அலுமினியத் தாள், தக்காளி விதை, இவற்றைத் தனியாக எண்ணுங்கள். விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிற நாட்களில் விதையை விடாமல் பாருங்கள். அதுவும் மனிதர் போட்ட உணவுதான்.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்துக் கிட் நரிகளை (அந்த ஊர்ச் சின்ன நரி இனம்) பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நரியின் மீசைமுடியில் இருந்த கார்பன் ஐசோடோப்பு (தின்ற உணவு முடியில் விட்டுப்போகும் கார்பன் அடையாளம்), அந்த ஊர் ஜனங்களின் தலைமுடியோடு ஒத்துப்போனது. இரண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எச்சத்தை மட்டும் நம்பியிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

அந்த முறையை அப்படியே இங்கே இறக்குவது

அமெரிக்கச் சாப்பாட்டில் மக்காச்சோளம் மறைந்து கிடக்கிறது, அதுதான் முடியில் தெரிந்தது. இங்கேயும் கோழித் தீவனம் மக்காச்சோளம்தான். ஆனால் நம் கேழ்வரகு, சோளம், கரும்பு, மேய்ச்சல் புல்லில் பெரும்பகுதி எல்லாமே மக்காச்சோளம் மாதிரியே சி4 வகைத் தாவரங்கள், அதாவது முடியில் அதே கார்பன் அடையாளத்தை விடுகிறவை. கேழ்வரகுக் கொல்லை எலியும் புல் மேய்ந்த முயலும் பிராய்லர் கோழி மாதிரியே காட்டலாம். உள்ளூர் எலி, முயல், கோழி மூன்றையும் முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், நரி பிறகு.

ஆட்டு முடி கிடைத்ததும் ஆட்டைக் கொன்றதாக எழுதுவது

செத்த ஆடு மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறோம். அடித்துத் தின்றதா, கிடந்ததைத் தின்றதா என்று முடி சொல்லாது. உங்கள் ஒரு வரியை நம்பி எவராவது விஷம் வைத்தால் நரியோடு நாயும் மயிலும் போகும்.

நாய் எச்சம்

குப்பைமேட்டில் நாயும் நரியும் சேர்ந்தேதான் தின்கின்றன. எது எதனுடைய எச்சம் என்று சந்தேகம் வந்ததை ஒதுக்கினால், குப்பை தின்ற நரியும் கணக்கை விட்டுப் போய்விடும். டிஎன்ஏ சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஒரே பருவத்தில் முடித்துக்கொள்வது

தையில் இலந்தை, ஆனியில் மாம்பழம். இரண்டுக்கும் வாருங்கள்.

கேமரா முன்னால் கோழித்தலை வைப்பது

நரியை இழுக்க இரை வைக்க வேண்டாம். அளக்க வந்ததையே மாற்றுகிறீர்கள்.

வெறும் கை

எச்சத்தை வெறும் கையால் தொடாதீர்கள். அதில் இருக்கும் நாடாப்புழு முட்டை கண்ணுக்குத் தெரியாது.

செந்நாய்க்கும் சேர்த்து முடிவு எழுதுவது

செந்நாய் கூட்டமாக வேட்டையாடிப் புள்ளிமான், கடமான் தின்கிற ஜாதி. ஏரிக்கரை நரிக்குச் சொன்னது அதற்குப் பொருந்தாது. அதையும் பார்த்தே ஆக வேண்டுமென்றால், காவிரி வடக்குச் சரணாலயத்துக்குள் எச்சம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் புராஜெக்ட் தேதியைக் குறியுங்கள்.