கலபுர்கி, பீதர், விஜயபுரா: பழைய பள்ளிவாசல்களைப் பார்க்க ஐந்து நாள் திட்டம்

ஐந்து நாள் லீவு கிடைத்தால் வட கர்நாடகத்துக்குப் போங்கள். தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்களும் அவர்களுக்குப் பின் வந்த அடில் ஷாகிகளும் கட்டிய பள்ளிவாசல், கல்லறை, கோட்டை எல்லாம் மூன்றே ஊர்களில் இருக்கின்றன. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையிலேயே கலபுர்கி வந்துவிடும். அங்கிருந்து பீதர் 110 கிலோமீட்டர் சொச்சம், ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. விஜயபுரா, அதாவது பழைய பீஜப்பூர், கலபுர்கியிலிருந்து 160 கிலோமீட்டர் போல. கலபுர்கி, பீதர், விஜயபுரா என்ற வரிசையிலேயே போங்கள், ஏனென்றால் வரலாறும் அதே வரிசையில்தான் நகர்ந்தது. விஜயபுராவை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் கண்ணுக்குச் சின்னதாகிவிடும், அது அந்த ஊர்களுக்குச் செய்கிற அநியாயம்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம். நான் முதல் தடவை ஏப்ரலில் போனேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததில் உள்ளங்கால் கொப்பளித்து, அடுத்த இரண்டு நாள் நொண்டிக்கொண்டேதான் சுற்றினேன். எந்த மாதம் போனாலும் பையில் ஒரு ஜோடி கனமான சாக்ஸ் இருக்கட்டும்.

எந்த இடத்துக்கு எந்த நேரம் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். நம் நாட்டில் கிப்லா, அதாவது தொழும்போது முகம் திருப்பும் மக்காவின் திசை, மேற்கே, அதனால் பள்ளிவாசல் முகப்பு கிழக்கு பார்த்தே இருக்கும். காலையில் போனால் வெயில் நேராக முகப்பில் விழும், சுதை வேலைப்பாடு, வளைவு, எழுத்து எல்லாம் துலக்கமாகத் தெரியும். மூன்று மணிக்கு மேல் போனால் முகப்பு முழுக்க நிழல், பின்னால் கண்ணைக் கூசும் வானம், படமும் சரியாக வராது. ஆக, பள்ளிவாசலுக்குக் காலை, கல்லறைகளுக்குச் சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விதிவிலக்கு கலபுர்கிக் கோட்டைக்குள் இருக்கிற ஜாமி மஸ்ஜித். 1367இல் கட்டியது. இதில் திறந்த முற்றமே கிடையாது, முழுப் பள்ளியும் குவிமாடங்களின் கீழ் அடங்கிவிடுகிறது. மத்தியான வெயிலில் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கும். அகலமான தாழ்ந்த வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், எவ்வளவு நேரம் நின்றாலும் சலிக்காது. அப்புறம் சூஃபி ஞானி காஜா பந்தே நவாஸின் தர்கா. அவர் 1422இல் மறைந்தவர், இன்றைக்கும் கூட்டம் குறையாத இடம். உரூஸ் என்கிற வருடாந்திர நினைவுவிழா நேரத்தில் போவதாக இருந்தால் தங்கும் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

பீதரில் அமைச்சர் மஹ்மூத் கவான் கட்டிய மதரசா, அதாவது இஸ்லாமியக் கல்விக்கூடம், 1472. ஒரு மினாராதான் மிச்சம். 1696இல் உள்ளே சேர்த்துவைத்திருந்த வெடிமருந்து வெடித்து முகப்பில் பாதி போய்விட்டது. மிச்சமிருக்கும் ஓடுகளில் நீலமும் வெள்ளையும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன, கிட்டப் போய்ப் பாருங்கள். இதைக் கட்டிய அமைச்சரை ஒரு பொய்க் கடிதத்தை நம்பி 1481இல் சுல்தானே கொன்றுவிட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்த உடைந்த முகப்பு வேறு மாதிரி தெரியும். கோட்டைக்குள் ரங்கீன் மஹால் என்கிற அரண்மனை பூட்டியிருந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். அங்கிருக்கும் மியூசியத்தில் கேளுங்கள், திறந்துகாட்டுவார்கள். கறுங்கல்லில் முத்துச்சிப்பி பதித்த வேலை அது, விட்டுவிடக் கூடாது.

ஊருக்குக் கிழக்கே அஷ்டூரில் பாமினிக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அகமது ஷா வலியின் கல்லறைக்குள் முதலில் ஒன்றுமே தெரியாது, கும்மிருட்டு. நான் போனபோது அங்கே இருந்த பெரியவர் வாசலில் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினார். வெளிச்சம் சுவரில் ஏறி விதானத்துக்குப் போனதும் சிவப்பும் பொன்னுமாக எழுத்துகளும் கொடிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெயில் இருக்கும்போதே போங்கள், டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவனை வழிபடும் லிங்காயத்துகளும் இந்த சுல்தானை வணங்குகிறார்கள், உரூஸில் இரண்டு சமூகமும் சேர்ந்தே நிற்கும்.

விஜயபுராவுக்கு முழுசாக இரண்டு நாள் வேண்டும். கோல் கும்பஸ் முகம்மது அடில் ஷாவின் கல்லறைதான், ஆனாலும் இதற்கு மட்டும் காலையில் திறந்தவுடன் போங்கள், நேரத்தை முதல் நாளே கேட்டுவையுங்கள். ஏழு மாடி உயரத்துக்குக் குறுகலான படி, மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். மேலே குவிமாடத்தின் அடியில் உள்சுற்று மாடத்தில் ஒருவர் சுவரோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம், ஏறக்குறைய 38 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் காதோரம் சொன்ன மாதிரி கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கத்த ஆரம்பித்துவிட்டால் எதுவும் கேட்காது. முன்னால் இருக்கிற மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

அடுத்த நாள் காலை ஜாமி மஸ்ஜித். மிஹ்ராபின், அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடத்தின், பொன்வேலைக்குத் திரை போட்டிருந்தால் பணிவாகக் கேளுங்கள். சாயங்காலம் சுல்தான் இரண்டாம் இப்ராஹிமின் கல்லறை வளாகமான இப்ராஹிம் ரௌசா. ஒரே மேடையில் கல்லறை கிழக்கே, பள்ளிவாசல் மேற்கே. மாலை வெயில் கல்லறையின் மேற்குச் சுவரில் விழும், சுவர் முழுக்க எழுத்துதான். பள்ளிவாசலின் கூரை விளிம்பில் கல்லில் செதுக்கிய சங்கிலியை அண்ணாந்து தேடிப் பாருங்கள்.

தொழுகை நடக்கிற பள்ளிகளில் நாம் விருந்தாளிகள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை உள்ளே போகும் எண்ணத்தையே விடுங்கள், ஜும்ஆ என்கிற வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை நேரம் அது. அந்த நேரத்துக்கு இரண்டாம் அலி அடில் ஷா முடிக்காமல் விட்ட கல்லறையான பாரா கமானையோ, 1549இல் வார்த்த மாலிக்-இ-மைதான் பீரங்கியையோ வைத்துக்கொள்ளுங்கள். முட்டி மூடிய உடுப்பு, பெண்களுக்கு ஒரு துப்பட்டா. ஹவுள் என்கிற பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவாதீர்கள், அது ஒளு செய்கிற, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற தண்ணீர். தொழுகிறவர்களைப் படமெடுக்கவே கூடாது. விஜயபுராவில் நபியின் நினைவுப்பொருள் வைத்திருக்கும் அசார் மஹாலுக்குள் பெண்களை விடுவதில்லை, பல தர்காக்களிலும் உள்ளறைக்கு அப்படித்தான், குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தொல்லியல் துறை டிக்கெட் போடுகிற இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிவிடுங்கள், ஏறும் முன்பே தொகை, இடங்கள், காத்திருக்கும் நேரம் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏதாவது கானாவளியில், அதாவது உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில், சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப்பொடி கேளுங்கள், தயிரும் வைப்பார்கள்.