கணினியில் பீப் ஒலி மட்டும் கேட்டால்

சென்னையின் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் கணினிக்குள் உள்ள ராம் (RAM) எனப்படும் நினைவகப் பலகையின் உலோக இணைப்புகளில் மெல்லிய படலம் படியச் செய்வதால், மின்விசிறி சுழன்றும் திரை ஒளிராமல் பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கலாம். உடனே மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பழுதென்று முடிவு செய்து, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

மின் இணைப்பைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பின் ராம் பலகையை அதன் கிளிப்பை விலக்கி எடுங்கள். அதன் தங்க நிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, முழுவதும் உலர்ந்ததும் கிளிப் 'டிக்' என்று பூட்டும் வரை அழுத்திப் பொருத்துங்கள். பலரும் செய்வதுபோல ரப்பரால் தேய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தங்கப் பூச்சு மிக மெல்லியது.

கணினியின் தேதியும் அடிக்கடி மாறினால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் சி.ஆர். 2032 பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.